கரும்புச் சக்கையில் சிட்ரிக் அமிலம்: டைட்ரேஷனில் 8 கிராம், எச்பிஎல்சியில் 1.8 கிராம்

சக்கைச்சாறு எழுதியது:

கரும்புச் சக்கையை அமிலத்தில் வேகவைத்து, வடியும் சாற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையை வளர்த்து சிட்ரிக் அமிலம் எடுக்கும் முயற்சி இது. கணக்கு எங்கோ உதைக்கிறது.

காய்ந்த சக்கை, 2 மி.மீ. சல்லடையில் சலித்தது, லிட்டருக்கு 100 கிராம். 2 சதவீத கந்தக அமிலம், 121 டிகிரி, 60 நிமிடம். வடிகட்டி, காஸ்டிக் சோடா விட்டு பிஹெச் 5.5க்குக் கொண்டுவந்தது. சாற்றில் லிட்டருக்கு சைலோஸ் (ஐந்து கார்பன் சர்க்கரை) 19 கிராம், குளுக்கோஸ் 3, அராபினோஸ் 2, அசிட்டிக் அமிலம் 2.9. அதோடு அம்மோனியம் சல்பேட் 5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 1, மெக்னீசியம் சல்பேட் 0.25. 250 மி.லி. பிளாஸ்கில் 100 மி.லி., 30 டிகிரி, 150 சுற்று, 6 நாள்.

கடைசியில் பிஹெச் 2.4. மீதிச் சர்க்கரை 5 கிராம், அசிட்டிக் 2.7. டைட்ரேஷனில் (அமிலம் நடுநிலையாகும் வரை காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) 10 மி.லி. மாதிரிக்கு 0.1 நார்மல் காஸ்டிக் 14 மி.லி. இறங்கியது. நொதிக்கும் முன் எடுத்த மாதிரிக்கு 1.5 மி.லி. இதைக் கழித்து சிட்ரிக்காகக் கணக்கிட்டால் லிட்டருக்கு 8 கிராம். அதே மாதிரியை எச்பிஎல்சியில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) போட்டால் 1.8 கிராம்தான். குரோமட்டோகிராமின் (அந்தக் கருவி தரும் வரைபடம்) முன்பக்கம் பெரிய மொத்தையாக ஒரு பீக் (முகடு) இருக்கிறது, அதைப் பிரிக்கவில்லை.

எது சரி? மீதி 6 கிராம் எங்கே? இதே சாற்றில் விளைச்சலைக் கூட்ட வழி உண்டா, அல்லது வேறு அமிலத்துக்குப் போவதா?


துளிக்கணக்கு எழுதியது:

எச்பிஎல்சிதான் சரி. காணாமல்போன 6 கிராமில் பெரும்பகுதி அமிலமே அல்ல, நீங்கள் போட்ட அம்மோனியம் சல்பேட்.

பூஞ்சை ஒரு அம்மோனியத்தை உள்ளே இழுக்கும்போது ஒரு புரோட்டானை வெளியே விடுகிறது. சல்பேட் கரைசலிலேயே தங்கிவிடும். 5 கிராம் அம்மோனியம் சல்பேட் என்றால் 5/132 = 0.038 மோல், அதில் அம்மோனியம் 0.076 மோல். முழுவதும் உறிஞ்சப்பட்டால் அதே அளவு புரோட்டான் லிட்டரில் சேரும். சிட்ரிக்கின் ஈக்விவலன்ட் எடை (ஒரு மோல் புரோட்டான் தரும் கிராம் அளவு) 64. ஆக 0.076 × 64 = 4.85 கிராம் "சிட்ரிக்" டைட்ரேஷனில் சும்மா வந்துவிடுகிறது. தொடக்க மாதிரியைக் கழித்ததால் பாஸ்பேட்டும், மிஞ்சியிருந்த அசிட்டிக்கும் போயின. ஆனால் அம்மோனியத்தின் பங்கு நொதிக்கும்போது உண்டாவது; தொடக்க மாதிரியில் அது இருக்காது, கழித்தலில் போகாது. இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

8-லிருந்து 4.85ஐயும் 1.8ஐயும் கழித்தால் 1.35 மிச்சம். அதை ஆக்சாலிக்காக மாற்றினால் (ஈக்விவலன்ட் எடை 45) லிட்டருக்கு 0.95 கிராம். உங்கள் தொடக்க பிஹெச் 5.5 ஆக்சாலிக்குக்கு மிகவும் பிடித்த இடம்: ஆக்சலோஅசிட்டேட்டை உடைக்கும் நொதி பிஹெச் 5, 6 வாக்கில்தான் தூண்டப்படுகிறது. பிஹெச் 3-க்குக் கீழே விழுவதற்குள் பூஞ்சை ஆக்சாலிக்கை ஊற்றிவிட்டிருக்கும். அம்மோனியம் முழுவதும் போகவில்லை என்றால் ஆக்சாலிக்கின் பங்கு இன்னும் கூடும். மீதி அம்மோனியத்தை அளந்தால் கணக்கு முடிந்துவிடும்.

முன்பக்க மொத்தையில் சல்பேட் உட்பட உப்பெல்லாம் வரும், ஆக்சாலிக்கும் அதை ஒட்டியே வரும். அமிலம் பிரிக்கும் வழக்கமான ஹைட்ரஜன் வடிவக் காலமில் (எச்பிஎல்சியில் பொருள்களைப் பிரிக்கும் குழாய்) இதைப் பிரிப்பது கஷ்டம். சோதனைக் குழாயிலேயே பார்த்துவிடலாம். வடிகட்டிய மாதிரி 1 மி.லி. எடுத்து அசிட்டேட் பஃபரில் (பிஹெச் 4.5) 20 மி.லி.க்கு நீர்க்கச் செய்யுங்கள். 0.1 மோலார் கால்சியம் குளோரைடு 1 மி.லி. விடுங்கள். அரை மணிக்குள் வெண்மையாகக் கலங்கினால் ஆக்சலேட். சிட்ரேட் இந்த நிலையில், குளிர்ந்த கரைசலில் படியாது. நீர்க்காமல் செய்யாதீர்கள்: உங்கள் சாற்றில் சல்பேட் மலைபோல் இருக்கிறது, ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படிந்து ஆக்சலேட் என்று ஏமாற்றும்.

இன்னொரு பொறி: குளுக்கோஸிலிருந்து வரும் குளுக்கானிக் அமிலம் அதே காலமில் குளுக்கோஸ் பீக்கோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்ஐ டிடெக்டர் (ஒளிவிலகலை வைத்து அளப்பது) மட்டும் வைத்திருந்தால் அதைக் குளுக்கோஸ் என்றே எழுதிவிடுவோம். புற ஊதா டிடெக்டரில், 210 நானோமீட்டரில், குளுக்கோஸ் தெரியாது, குளுக்கானிக் தெரியும். இரண்டு டிடெக்டரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களிடம் குளுக்கோஸ் 3 கிராம்தான் என்பதால் இப்போதைக்கு இது பெரிய விஷயம் இல்லை. மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு), மாவுக் கழிவு பக்கம் போனால் உதவும்.

டைட்ரேஷனை விடவே வேண்டாம், தினசரிப் போக்கைப் பார்க்க அது போதும். ஆனால் இந்தக் கறுத்த சாற்றில் பினால்ப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் காட்டி) நிறம் கண்ணுக்குத் தெரியாது. பிஹெச் மீட்டர் வைத்து 8.2 வரை விடுங்கள்.


கொதிகலன் எழுதியது:

கணக்கு சரி. ஆனா அளவை சரிபண்ணினாலும் இந்தச் சாத்துல சிட்ரிக் வராதுங்க. சர்க்கரையே 24 கிராம்தான்.

நைஜர் சிட்ரிக்கை வெளியே தள்ளணும்னா சர்க்கரை லிட்டருக்கு 120 முதல் 150 கிராமாவது இருக்கணும், நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகணும், காத்து தாராளமா வேணும், மாங்கனீஸ் லிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள்ள இருக்கணும். நாலும் ஒண்ணா அமையணும். உங்க பிளாஸ்கில் நாலும் தலைகீழ். சர்க்கரை குறைவு, நைட்ரஜன் தாராளம், அதனால பூஞ்சை உடம்புதான் வளருது, 250 மி.லி. பிளாஸ்கில் 100 மி.லி. ஊத்தினா காத்து பத்தாது, 50 மி.லி.க்கு மேல வேண்டாம், 200 சுற்று வைங்க. மாங்கனீஸ் சக்கையிலிருந்தே மில்லிகிராம் கணக்குல வரும், அதாவது வரம்பை விடப் பல நூறு மடங்கு. 1917-ல் கர்ரி கண்டுபிடிச்சதோட சாரமே இதுதான்: சர்க்கரையைக் கூட்டி, பிஹெச்சைத் தாழ்த்தினா நைஜர் ஆக்சாலிக்கை விட்டுட்டு சிட்ரிக் பக்கம் திரும்பும்.

காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கினது அடுத்த தப்பு. 2 சதவீத கந்தக அமிலம்னா லிட்டருக்கு 0.2 மோல். காஸ்டிக் போட்டா அது அப்படியே சுமார் 29 கிராம் சோடியம் சல்பேட்டா சாத்துல தங்கிடும். சுண்ணாம்பு போட்டா ஜிப்சமா இறங்கிடும், கரைஞ்சு நிக்கறது 2 கிராம் வாக்குல. லிட்டருக்கு 15 கிராம் நீர்த்த சுண்ணாம்பு கணக்குப்படி போதும். இன்னும் கொஞ்சம் போட்டு பிஹெச் 10 வரை ஏத்தி, 50 டிகிரியில் அரை மணி வெச்சு, வடிகட்டி, மறுபடி அமிலம் விட்டு இறக்கினா பர்பூராலும் ஹெச்எம்எப்பும் (வேகவைக்கறப்ப சர்க்கரை சிதைஞ்சு வர்ற நச்சுப்பொருள்கள்) கொஞ்சம் அழியும். 60 டிகிரிக்கு மேல போகாதீங்க, பிஹெச் 11-க்கு மேலயும் போகாதீங்க: சைலோஸே உடைய ஆரம்பிக்கும், சாறு காப்பி நிறத்துக்குப் போயிடும். அசிட்டிக் இதுல போகாது. அது சக்கையின் ஹெமிசெல்லுலோஸ்ல ஒட்டியிருக்கற அசிட்டைல் தொகுதியிலிருந்து வர்றது. கால்சியம் அசிட்டேட் நல்லா கரையும்.


சக்கைச்சாறு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சாற்றைக் கொதிக்கவைத்து 5 மடங்கு சுண்ட வைத்தால் 24 கிராம் 120 ஆகிவிடுமே? சர்க்கரைப் பிரச்சினை தீராதா?


கொதிகலன் எழுதியது:

சர்க்கரை 120 ஆகும். சோடியம் சல்பேட் 29-லிருந்து 145 ஆகும். அதுல நைஜர் முளைக்கவே தயங்கும்.

சுண்ணாம்பு போட்ட சாறுன்னாலும் பீனால் வகையறா, ஹெச்எம்எப் ரெண்டும் 5 மடங்கு ஏறும், ஏன்னா அதுங்க ஆவியாகாது. பர்பூரால் நீராவியோட கிளம்பிடும், அது ஒண்ணுதான் நல்லது. அசிட்டிக் கிளம்பணும்னா அமில நிலையில இருக்கறப்பவே சுண்ட வைக்கணும், பிஹெச் 5.5-ல அது உப்பா மாறி உட்கார்ந்துடும். ஆனா அமிலத்தோட 100 டிகிரியில் கொதிக்கவிட்டா சைலோஸ் சிதைஞ்சு புதுசா பர்பூரால் வரும். வேக்குவத்துல, 60 டிகிரி வாக்குல சுண்ட வைக்கலாம். அப்படி லிட்டருக்கு 800 மி.லி. தண்ணியை ஓட்ட ஆகற சூட்டை நினைச்சா சிட்ரிக்குக்கு இது கட்டுப்படியே ஆகாது.

சைலோஸ் அதிகமுள்ள சாறுக்கு லாக்டிக்தான் பொருத்தம். பேசிலஸ் கோயகுலன்ஸ்ங்கற பாக்டீரியா (இப்ப ஹெய்ன்ட்ரிக்சியான்னு பேரை மாத்திட்டாங்க, கல்ச்சர் பட்டியல்ல ரெண்டு பேர்லயும் தேடுங்க) சைலோஸையும் குளுக்கோஸையும் சாப்பிட்டு எல்-லாக்டிக் தரும். ஏன் சாதாரண லாக்டோபேசிலஸ் வேண்டாம்? அதுல பல இனங்கள் சைலோஸைத் தொடாது. தொடற பெரும்பாலானது பாஸ்போகீட்டோலேஸ்ங்கற நொதி வழியா ஒரு சைலோஸை ஒரு லாக்டிக், ஒரு அசிட்டிக்னு பிரிக்கும்: 150 கிராம் சைலோஸுக்கு 90 கிராம் லாக்டிக், அவ்வளவுதான், 60 சதவீதம். கோயகுலன்ஸ் பென்டோஸ் பாஸ்பேட் வழியில போறதால கோட்பாட்டுப்படி கிராமுக்கு கிராம்.

ரெண்டாவது காரணம் சூடு. அது 50 டிகிரியில் வளரும், செல்லுலேஸும் (செல்லுலோஸைக் குளுக்கோஸா உடைக்கற நொதி) 50 டிகிரியில் வேலை செய்யும். அமிலத்துல வெந்த சக்கையை வடிகட்டித் தூக்கிப்போடறீங்களே, செல்லுலோஸ் பூரா அதுலதான் இருக்கு. 100 கிராம் சக்கையில் செல்லுலோஸ் 40 கிராம் வாக்குல. முழுக்க உடைஞ்சா 44 கிராம் குளுக்கோஸ். கழுவின அந்தத் திடப்பொருளையும் சுண்ணாம்பு போட்டு இறக்கின சாறையும் ஒரே கலனில் போட்டு, கிராமுக்கு 15 எப்பியூ (நொதியோட வீரிய அளவு) செல்லுலேஸ், 5 முதல் 10 சதவீதம் இனாகுலம் (முன்னாடியே வளர்த்த பாக்டீரியாக் கரைசல்), ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் லிட்டருக்கு 5 கிராம், 50 டிகிரி, மெதுவா கலக்கி 72 மணி. பிஹெச் செல்லுலேஸுக்கு 4.8 பிடிக்கும், பாக்டீரியாவுக்கு 6 வாக்குல பிடிக்கும், 5.5-ல ரெண்டும் சண்டையில்லாம இருக்கும். குளுக்கோஸ் வர வர பாக்டீரியா தின்னுடறதால நொதி தன் விளைபொருளாலேயே முடங்கறதும் குறையும்.

திடப்பொருளை ஒரே மூச்சுல கொட்டாதீங்க. முதல்ல பாதி, 12 மணி கழிச்சு, கஞ்சி மாதிரி இளகினப்புறம் மீதி. மொத்தமும் முதல்லயே போட்டா கலக்கி சுத்தும், கலனுக்குள்ள ஒண்ணும் அசையாது, பிஹெச் எலெக்ட்ரோட் இருக்கற மூலையில 5.5, நடுவுல 4.2-ன்னு நிக்கும்.


ஆறாம்நாள் எழுதியது:

சிட்ரிக்கை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டியதில்லை. கைவிட வேண்டியது அந்தச் சாற்றை. மாவும் கரையும் சர்க்கரையும் உள்ள கழிவு (மரவள்ளித் திப்பி, ஆப்பிள் சக்கை போன்றவை) கிடைத்தால் திடநிலை நொதித்தலில் (கரைசல் இல்லாமல் ஈரத் திடப்பொருளிலேயே பூஞ்சை வளர்ப்பது) செய்யலாம். அமில வேகவைப்பு வேண்டாம், பர்பூரால் கிடையாது, மாங்கனீசுக்கும் இந்த முறை அவ்வளவு கூச்சப்படாது. கரும்புச் சக்கையை அதில் தாங்குபொருளாகக் கலக்கலாம். திப்பி தனியாகப் போட்டால் களி மாதிரி ஒட்டிக் காற்று நுழையாது.

துகள் 0.6 முதல் 2 மி.மீ. ஈரம் 65 முதல் 70 சதவீதம். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. 121 டிகிரியில் 30 நிமிடம் வேகவைத்து ஆறவிட்டு, காய்ந்த எடையில் கிராமுக்கு ஒரு கோடி ஸ்போர் (பூஞ்சை வித்து). ஆறியபின் 3 சதவீதம் மெத்தனால் சேர்த்தால் சிட்ரிக் பொதுவாகக் கூடும். சூடாக இருக்கும்போது விட்டால் ஆவியாகிப் போவதோடு தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 28 முதல் 30 டிகிரி, தட்டில் 3 செ.மீ. உயரத்துக்கு மேல் பரப்ப வேண்டாம்.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ ஈரப் படுக்கையில் 10 கிராம் சர்க்கரை முழுதாக எரிந்தால் 156 கிலோஜூல் வெப்பம். 70 சதவீத ஈரமுள்ள படுக்கையை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 3.3 கிலோஜூல் போதும். வெப்பம் வெளியே போகவில்லை என்றால் 47 டிகிரி ஏற வேண்டும். அதை நீராவியாகவே வெளியேற்றினால் 65 கிராம் நீர் போகும், படுக்கை காயும். உயரம் கூடினால் நடுப்பகுதி வெந்துவிடும், ஓரம் மட்டும் வெள்ளையாக வளரும். ஈரக்காற்று விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 20 முதல் 50 மணி வரைதான் ஆபத்தான நேரம். நடுவில் ஒரு தெர்மாமீட்டர் செருகி வையுங்கள், 36 தாண்டினால் கிளறுங்கள். அடிக்கடி கிளறினால் பூஞ்சை இழை அறுந்துபோகும்.

4-ஆம், 5-ஆம் நாளில் எடுத்துவிட வேண்டும். மேலே கறுப்பாக ஸ்போர் தூவ ஆரம்பித்துவிட்டால் தாமதம். சர்க்கரை தீர்ந்தபின் பூஞ்சை தான் வெளியே விட்ட சிட்ரிக்கையே திரும்பத் தின்னும். ஒரு பங்குக்கு 10 பங்கு நீர் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டுங்கள்.

ஆரஞ்சுத் தோலில் செய்பவர்களுக்கு: தோல் எண்ணெயில் உள்ள லிமோனீன் பூஞ்சையை முடக்கும். முதலில் நீராவியில் அதை ஓட்டாமல் ஆரம்பித்தால் மூன்று நாள் ஒன்றும் முளைக்காது. ஸ்போர் மோசம் என்று ஸ்போரைத் திட்டிக்கொண்டிருப்போம்.


துளிக்கணக்கு எழுதியது:

மொலாசஸ் பக்கம் யாராவது போனால் இரண்டு விஷயம். சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை அல்ல, டிஎன்எஸ் (ஒடுக்கும் சர்க்கரையை அளக்கும் நிறச் சோதனை) அதைக் காட்டாது. அமிலத்தில் உடைத்தபின் அளக்காவிட்டால் பாதிச் சர்க்கரை கணக்கிலேயே வராது, விளைச்சல் 120 சதவீதம் என்று வந்து நிற்கும். அடுத்தது, உலோகம் நீக்கப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு போடும் முறை. அதை நடுநிலையை ஒட்டிய பிஹெச்சில்தான் சூடாக்க வேண்டும். வலுவான அமிலத்தோடு சூடாக்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். பிஹெச் இறக்குகிற வேலையை அதன் பிறகு, ஆறியபின், புகைபோக்கிக் கூண்டுக்குள் செய்யுங்கள்.


சக்கைச்சாறு எழுதியது:

லாக்டிக்கே எடுக்கிறேன். நடுநிலையாக்கக் கால்சியம் கார்பனேட்டா, சுண்ணாம்பா? கடைசியில் அமிலத்தை எப்படிப் பிரிப்பது?


கொதிகலன் எழுதியது:

பிளாஸ்கில்னா கார்பனேட், சர்க்கரை கிராமுக்கு 0.6 கிராம். தனியா உலர் வெப்பத்துல கிருமி நீக்கி அப்புறமா சேருங்க. ஊடகத்தோடயே ஆட்டோகிளேவ்ல வெச்சா சர்க்கரை பழுப்பாகும், பாஸ்பேட் கால்சியத்தோட படிஞ்சு போயிடும். வாயை இறுக்கி மூடாதீங்க, கரியமில வாயு வந்துகிட்டே இருக்கும். கார்பனேட் அடியில படிஞ்சு கிடந்தா மேல பிஹெச் விழுந்துடும், அதனால கலக்கறதை நிறுத்தக் கூடாது. கலனில் செய்யறப்ப சுண்ணாம்புப் பால், 20 சதவீதம், பிஹெச் பாத்துப் பாத்து விடறது. கிராம் லாக்டிக்குக்கு 0.41 கிராம் நீர்த்த சுண்ணாம்பு ஆகும். காஸ்டிக் விட்டா சோடியம் லாக்டேட் வரும். கலன் சுத்தமா இருக்கும், ஆனா பிரிக்கறது கஷ்டம்.

முடிஞ்ச கரைசலை ஆறவிடாதீங்க. லாக்டிக் 50 கிராம் தாண்டினாலே கால்சியம் லாக்டேட் அறை வெப்பத்துல படிகமா கட்ட ஆரம்பிக்கும். ராத்திரி குழாயில விட்டுட்டுப் போனா காலையில பம்ப் சுத்தாது. சுண்ணாம்பு விட்டு பிஹெச் 10, 80 டிகிரி, சூட்டோட வடிகட்டினா செல், புரதம், மிஞ்சின சக்கை எல்லாம் போயிடும். அப்புறம் கந்தக அமிலம், பிஹெச் 2-க்குக் கீழ வர்ற வரைக்கும். ஜிப்சம் இறங்கும்: 180 கிராம் லாக்டிக்குக்கு 172 கிராம், கிட்டத்தட்ட எடைக்கு எடை. அதை எங்க போடப்போறீங்கன்னு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யோசிச்சுக்கணும். ஜிப்சம் பிண்ணாக்கைச் சுடுதண்ணியில கழுவுங்க, இல்லாட்டி லாக்டிக் அதுக்குள்ளயே நிக்கும். அப்புறம் கரி, அயனிப் பரிமாற்றப் பிசின், வேக்குவத்துல சுண்ட வைக்கறது.


துளிக்கணக்கு எழுதியது:

சுண்ட வைத்தபின் அளக்கும்போது டைட்ரேஷன் மறுபடி ஏமாற்றும், இந்த முறை குறைத்துக் காட்டும். அடர்ந்த லாக்டிக் தனக்குத்தானே எஸ்டராகக் கோத்துக்கொள்ளும். கோத்த தொகுதி நேரடி டைட்ரேஷனில் அமிலமாக வராது. அளந்த காஸ்டிக்கை மிகுதியாக விட்டு, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, மீதிக் காஸ்டிக்கைக் கந்தக அமிலத்தால் திருப்பி டைட்ரேட் செய்யுங்கள். நேரடி அளவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் கோத்துக்கொண்ட லாக்டிக். எச்பிஎல்சிக்குக் கொடுப்பதற்கு முன்னும் நன்றாக நீர்த்து, காஸ்டிக்கில் கொதிக்கவைத்து, அமிலமாக்கிக் கொடுங்கள்.